பொருந்தாத வழித்துணை

விழியிழந்த புலவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகுதி. அவர்களின் நினைவாற்றலை வியந்திருக்கிறோம். அவர்களின் இன்னலுக்கு இரங்கியிருக்கிறோம். மேடைதோறும் அவர்களை எடுத்துக்காட்டாகச் சொல்லி, இரு கண்ணும் உடைய மாணவர்களை வெட்கப்படவும் வைத்திருக்கிறோம். ஆனால் அப்புலவர்களுக்கு ஏடு படித்துக் காட்டியவர் யார்? அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியவர் யார்? கைப்பிடித்து நடத்திச் சென்றவர் யார்? அத்துணைவர் செய்த நன்மை எது, கெடுத்தது எது? இவ்வினாக்களை எழுப்பி எழுதப்பட்ட திறனாய்வு ஒன்றையும் நாம் இதுகாறும் படித்ததில்லை.

இப்போது இவற்றை எழுப்பவேண்டிய தேவை வந்திருக்கிறது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் கல்லூரிப் பிள்ளைகள் சிலர், பார்வையற்ற மாணவர்க்குப் பாடம் படித்துக் காட்டவும், தேர்வுக் கூடத்தில் அவர்கள் சொல்வதை எழுதவும் முன்வருகின்றனர். நம் சமுதாயத்துப் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. மனத்தில் இரக்கம் நிரம்பியிருக்கிறது. கையில் முறை இல்லை. முறையை எங்கே கற்பது என்று வினவுவோர்க்கு, இலக்கியத்தில் கற்கலாம் என்பது நம் விடை. ஆனால் இலக்கியம் எல்லாவிடத்தும் நல்வழியே காட்டிவிடாது. ஆராய்ந்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தொலைவில் தேடவேண்டுவதில்லை. இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாகிவிட்ட கிடங்கில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவன்மீது இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளையுடையது. ஆற்றுப்படை என்பதே வழிப்படுத்துதல். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்கிறான். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊரூராகச் சொல்கிறான். ஒவ்வோரிடத்தும் எந்நிலத்து மக்கள் எதிர்ப்படுவர், என்ன உணவு கிடைக்கும் என்பதையும் சொல்கிறான். அவன் கையைப் பற்றி இழுக்கவில்லை. உன் நிலை இப்படியாயிற்றே என்று அழுதுகொண்டு நிற்கவுமில்லை. கேட்பவன் தானே நடப்பதற்கு வேண்டிய செய்தி முழுவதையும், நடக்கும் வரிசையிலேயே கொடுத்துவிடுகிறான். கண்ணில்லாதவர்க்கு வழி சொல்லும் முறையும் இதுவே. ‘அதோ அந்தப் பக்கம்’ என்று விரல் நீட்டுவது வழி சொல்வதாகாது. இத்தனை அடி நடந்தால் இடப்பக்கம் மூன்று படிகள், படி முடிந்ததும் கதவு உள்ளே திறக்கும் என்று சொல்வதே வழி சொல்வது. ஆற்றுப்படையைப் பாட்டாக மட்டும் படித்த நாம், அதை ஒரு நடைமுறை நூலாகப் படிக்கத் தவறிவிட்டோம்.

விழுப்புரத்தையடுத்த திருவாமாத்தூருக்கு வருவோம். இரட்டையர் பாடிய திருவாமாத்தூர்க் கலம்பகம் பிறந்த ஊர் அது. அவர்களைப் பதினான்காம் நூற்றாண்டினர் என்பாரும், பதினைந்தாம் நூற்றாண்டினர் என்பாரும் உளர். ஒருவர்க்குக் கண் இல்லை. மற்றவர்க்குக் கால் இல்லை. கண்ணில்லாதவர் சுமக்க, காலில்லாதவர் தோள்மீதிருந்து வழிசொல்ல, ஊர் ஊராகச் சென்று பாடினர் என்பதும், வெண்பாவின் முற்பகுதியை ஒருவர் சொன்னால் பிற்பகுதியை மற்றவர் முடிப்பார் என்பதும் செவிவழிச் செய்திகள். குருடனும் முடவனும் என்ற பெயரில் பாடப்புத்தகக் கதையாகச் சுருங்கி, இது நம் பிள்ளைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இதில் நாம் முதலில் காண்பது, இங்கே உதவுபவர் என்று ஒருவரும் உதவி பெறுபவர் என்று ஒருவரும் இல்லை என்பது. இருவரும் சுமக்கின்றனர், ஒருவர் தோளில் சுமக்கிறார், மற்றவர் சொல்லில் சுமக்கிறார். வெண்பாவைப் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்ட செய்தி, அச்சமநிலைக்கு யாப்பே தந்த சாட்சி. இன்றைய தொண்டுக் கூட்டங்களில் மேடைமேல் ஒரு சாராரும் மேடைக்குக் கீழே ஒரு சாராரும் அமர்ந்திருக்கக் காணும்போது, இரட்டையர் நினைவு வராமல் போவதில்லை.

அடுத்தது, அவ்வூரில் வழங்கும் கதை. கலம்பகத்தில் பம்பையாற்றின் எக்கரையில் கோயில் இருக்கிறது என்பதை மாற்றிப் பாடிவிட்டார்களாம். அரங்கேற்றத்தின்போது அவையோர் பிழையைச் சுட்டினர். பாடியது பாடியதுதான் என்று புலவர்கள் நின்றனர். அன்றிரவு வெள்ளம் வந்து ஆறு தன் போக்கை மாற்றிக்கொள்ள, பாட்டு உண்மையாயிற்று என்பர். இத்தகைய தலக்கதைகளை ஏற்பதும் ஏலாததும் அவரவர் சமயத்தைப் பொறுத்தவை. அது நம் ஆராய்ச்சியன்று. கதையின் உள்ளே நிற்கும் மனித நிலையை மட்டும் நோக்குவோம். இரட்டையருள் கரையைக் கண்டவர் யார்? கண்ணுள்ள ஒருவர்தாமே! அவர் கண்டு சொன்னதைச் சரிபார்க்கும் வாய்ப்பு மற்றவர்க்கு இல்லை. ஆயினும் பிழை வந்தபோது அவையில் நின்றது இருவர் பெயரும். துணைவன் ஒரு சொல்லைத் தவறவிட்டால், அதற்கு விடைசொல்ல வேண்டியவர் அச்சொல்லைக் காணமுடியாத மற்றவரே என்ற கொடிய உண்மையை இக்கதை அறிந்திருக்கிறது. அறிந்ததனால்தான் ஓர் ஆற்றையே நகர்த்தி அப்பிழையைத் துடைக்கிறது. நம் காலத்துத் தேர்வுத் தாளில் எழுதுபவர் ஓர் எண்ணை மாற்றி எழுதிவிட்டால், எந்த ஆறும் நகர்வதில்லை.

பதினேழாம் நூற்றாண்டின் அந்தகக்கவி வீரராகவ முதலியார் செங்கல்பட்டை அடுத்த பொன்விளைந்த களத்தூரோடு தொடர்புடையவர்; திண்டிவனத்துக்கு அணித்தான சேயூர் முருகன்மீது பிள்ளைத்தமிழ் பாடியவர். தம் முதுகில் எழுத்துகளை எழுதச் செய்து அவற்றைக் கற்றார் என்பர். லூயி பிரெயில் (1809–1852) தம் புள்ளி எழுத்தை 1824-இல் அமைப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, தோலால் எழுத்தைப் படிக்கலாம் என்று தமிழ்நாட்டில் ஒருவர் கண்டிருக்கிறார். அவர் ஈழம் சென்று பரிசில் பெற்றதும், அவைகளில் வென்றதும் விரிவாகச் சொல்லப்படுகின்றன. முதுகில் எழுதிய விரல் யாருடையது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. ஒரு நாள் வேலையா அது? உயிரெழுத்து முடித்து, மெய் முடித்து, உயிர்மெய் அத்தனையும் முடிக்க எத்தனை மாதங்கள் அவ்விரல் உழைத்திருக்க வேண்டும்!

அரபு இலக்கியம் இவ்விடத்தில் நம் தமிழைவிட நன்றியறிவு உடையதாக நிற்கிறது. சிரியாவின் மஅர்ரா ஊரினரான அபுல் அலா அல்-மஅர்ரீ (கி.பி. 973–1057) நான்காம் வயதில் பெரியம்மையால் பார்வை இழந்தவர். பக்தாது சென்று திரும்பியபின், ஹிஜ்ரி 400 முதல் வீட்டைவிட்டு வெளிவராமல் வாழ்ந்து, தம்மை இரு சிறைகளின் கைதி என்று சொல்லிக்கொண்டவர். குருட்டுத்தன்மை ஒரு சிறை, வீடு மற்றொன்று. அவர்தம் நூல்கள் எல்லாம் வாயால் சொல்லப்பட்டுப் பிறரால் எழுதப்பட்டவை. தம் நூல்களின் பட்டியலுக்கு முன்னுரையாக அவர் சொன்ன சில வரிகளை யாகூத் தம் புலவர் வரலாற்று நூலில் காத்து வைத்திருக்கிறார். அதில், தாம் சொன்னவற்றை எழுதியவர் அபுல் ஹஸன் அலீ இப்னு அப்தில்லாஹ் இப்னு அபீ ஹாஷிம் என்று முழுப்பெயரையும் சொல்கிறார். அவர் தம் காலத்தைத் தமக்காகச் செலவழித்துவிட்டார் என்றும், அதற்கு விலை ஏதும் பெறவில்லை என்றும், அதனால் தமக்குப் பெருங்கடன் ஏற்பட்டுவிட்டது என்றும் கருத்துப்படச் சொல்கிறார். யாரையும் எளிதில் புகழாத, உலகத்தையே கசந்து பேசிய ஒரு புலவரின் வாயிலிருந்து வந்த சொற்கள் இவை. கூலி பெறாத தன்னார்வ எழுத்தாளர் ஒருவர்க்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன் வழங்கப்பட்ட சான்றிதழ் அது. அவர் செய்ததெல்லாம், மஅர்ரீ சொன்னதை மஅர்ரீ சொன்னபடியே எழுதியது. அதில் தம் கருத்து எதையும் கலந்திருந்தால், அக்கடுமையான புலவர் அப்படிப் பேசியிருக்கமாட்டார் என்பது நம் துணிபு.

மஅர்ரீயைப் பற்றி ஆராய்ந்து 1914-இல் எகிப்தியப் பல்கலைக்கழகத்தின் முதல் முனைவர் பட்டம் பெற்றவர் தாஹா ஹுஸைன் (1889–1973). அவரும் சிறுவயதிலேயே விழியிழந்தவர். கண்ணோய்க்கு ஊர் நாவிதர் செய்த வைத்தியம் பார்வையையே கொண்டுபோயிற்று. அவருடைய கொள்கைகள் சிலவற்றோடு, குறிப்பாக 1926-இல் ஜாஹிலிய்யாக் காலக் கவிதை பற்றி அவர் வெளியிட்டவற்றோடு, ஆலிம்களுக்கு உடன்பாடு இருந்ததில்லை, நமக்கும் இல்லை. ஆயினும் அவருடைய ‘அல்-அய்யாம்’ என்னும் தன்வரலாறு இப்பொருளில் உலக இலக்கியம் தந்த மிகச் சிறந்த நூல்களுள் ஒன்று. பார்வையற்றோர்க்குத் தொண்டு செய்ய எண்ணும் ஒவ்வோர் இளைஞரும் படிக்கவேண்டிய நூல் அது.

அதன் முதற்பகுதியில் ஓர் உணவு நேரம் வருகிறது. சிறுவனுக்கு ஓர் ஆர்வம்: எல்லாரும் ஒரு கையால் உண்கிறார்களே, இரு கையாலும் எடுத்தால் என்ன? எடுத்துப் பார்க்கிறான். அண்ணன்மார் சிரிக்கின்றனர். தாய் அழுகிறாள். தந்தை துயரம் கலந்த மெல்லிய குரலில், அப்படி எடுக்கக் கூடாது மகனே என்கிறார். அவ்விரவு எப்படிக் கழிந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அன்றுமுதல் சில உணவுகளைத் தனக்குத்தானே விலக்கிக்கொள்கிறான். பிறர் முன் உண்பதற்கு அஞ்சுகிறான். மஅர்ரீயும் இவ்வாறே, உண்ணும்போது மார்பில் சிந்தியதைப் பிறர் சுட்டியபின் தனித்து உண்ணத் தொடங்கினார் என்ற செய்தியை அங்கே இணைத்துக் காட்டுகிறார். சிரிப்பு காயப்படுத்தும் என்பது யார்க்கும் தெரியும். ஆனால் இங்கே தாயின் கண்ணீரும் தந்தையின் கனிவும் சிரிப்புக்கு நிகராகவே காயப்படுத்தின. நம் கதையாசிரியர்கள் அறியாதது இந்த நுட்பத்தைத்தான். நம் பத்திரிகைக் கதைகளில் பார்வையற்றவர் ஒருவர் வந்தால், பக்கத்தில் ஒருவர் கண்ணீர் விடுவார். கதை உருக்கமாக முடிந்துவிடும். அக்கண்ணீர் விழும் இடத்தில் இருப்பவர்க்கு அது என்ன செய்கிறது என்று எழுதுவதற்கு ஒரு தாஹா ஹுஸைன் வேண்டியிருந்தது.

இரண்டாம் பகுதி கெய்ரோவில் நிகழ்கிறது. அல்-அஸ்ஹரில் ஓதும் அண்ணனோடு தங்கியிருக்கிறான் சிறுவன். அண்ணன் கொடியவரல்லர். அழைத்துச் செல்கிறார், பாடத்தில் அமர்த்துகிறார், திரும்பக் கொணர்ந்து அறையில் விடுகிறார். பின்னர் நண்பர்களின் அறைக்குத் தேநீர் அருந்தப் போய்விடுகிறார். அங்கிருந்து பேச்சும் சிரிப்பும் இவன் செவிக்கு எட்டுகின்றன. தன்னையும் அழைத்துச் செல்லும்படி கேட்க இவனுக்கு நாணம். கேட்கவேண்டும் என்று அண்ணனுக்குத் தோன்றவில்லை. இருளும் அறையின் சிற்றொலிகளும் துணையாக அமர்ந்திருக்கிறான். கடமை அனைத்தும் குறைவறச் செய்யப்பட்டிருக்கிறது; சிறுவன் மட்டும் தனியே இருக்கிறான். ஊரிலிருந்து உறவினன் ஒருவன் படிக்க வந்து அவ்வறையில் சேர்ந்தபின்தான் அவன் வாழ்வு மாறுகிறது. வந்தவன் தொண்டு செய்ய வந்தவனல்லன். உடன் பயில வந்தவன். இருவரும் சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து உண்டார்கள், சேர்ந்து சுற்றினார்கள். ஆண்டுக்கணக்கில் அண்ணன் ஆற்றிய கடமைகளால் விளையாதது இவனால் விளைந்தது.

அதே பகுதியில், தேர்வு நாளன்று தேர்வாளர் அவனைப் பெயர் சொல்லி அழைக்காமல், குருடனே வா என்று அழைக்கிறார். தேர்வு முடிந்ததும், குருடனே போ, அல்லாஹ் உனக்கு வழிதிறப்பானாக என்று துஆவும் செய்கிறார். துஆ செய்த அதே வாய்தான்! நம் பயான் மேடைகளை எண்ணிப் பார்க்கிறோம். கண்கள் குருடாவதில்லை, நெஞ்சங்களே குருடாகின்றன என்ற கருத்துடைய திருமறை வசனத்தை (22:46) எடுத்தாளும் சொற்பொழிவாளர் சிலர், அதன் முற்பகுதியை மறந்துவிட்டு, ‘குருடன்’ என்ற சொல்லை வசவாக்கி மேடையில் முழங்குகின்றனர். கண்ணில்லாமையைக் குறையென்று அவ்வசனம் சொல்லவில்லை. அதற்கு எதிர்மறையைத்தான் சொல்கிறது. ஸஃப்பில் பார்வையற்ற ஒருவர் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பதையாவது நினைத்துப் பார்க்கலாகாதா?

இனி, கட்டுரைத் தலைப்புக்கு வருவோம். அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை அறியாத முஸ்லிம் குடும்பம் இல்லை. எண்பதாம் அத்தியாயமாகிய ‘அபஸ’ அவர்கள் பொருட்டு இறங்கியது; அதைப் பற்றிப் பேசாத ஆலிமும் இல்லை. ஆனால் அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நபிமொழியில் அவர்கள் சொன்ன ஒரு சொல்லை நாம் போதிய அளவு கருதியதில்லை. ஜமாஅத்துக்கு வராமல் வீட்டிலேயே தொழ இசைவு கேட்டு அண்ணலார் (ஸல்) அவர்களிடம் வருகிறார்கள். தம் வீடு தொலைவில் இருப்பதைச் சொல்கிறார்கள். தமக்கு ஒரு வழிகாட்டி இருக்கிறார், ஆனால் அவர் தமக்குப் பொருந்தவில்லை என்றும் சொல்கிறார்கள். பாங்கொலி கேட்கிறதா என்று பெருமானார் வினவ, ஆம் என்கிறார்கள், இசைவு கிடைக்கவில்லை. ஃபிக்ஹு நூலார் இதனை ஜமாஅத்துத் தொழுகையின் சட்டத்துக்காக ஆராய்வர். இமாம்களிடையே அதில் கருத்து வேறுபாடும் உண்டு. இலக்கிய மாணவனின் பார்வை ‘பொருந்தவில்லை’ என்ற சொல்லிலேயே நின்றுவிடுகிறது. வழிகாட்டி இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. இருக்கிறார், பொருந்தவில்லை. ஒருகால் விரைந்து நடப்பவராக இருந்திருக்கலாம். சொன்ன நேரத்துக்கு வராதவராக இருந்திருக்கலாம். தம் விருப்பப்படி இழுத்துச் செல்பவராக இருந்திருக்கலாம். எதுவென்று நமக்குச் சொல்லப்படவில்லை. உதவி செய்ய ஆள் இருப்பதும், அவ்வுதவி உதவியாக இருப்பதும் வேறு வேறு என்பதை உதவி பெறுபவரே தம் வாயால் சொன்னதுதான் நமக்குப் பெரிதாகப் படுகிறது. அப்படிச் சொல்வதை நன்றிகெட்ட செயலென்று அச்சபையில் எவரும் கருதியதாகச் செய்தி இல்லை. நம்மிடையே ஒரு பார்வையற்றவர், எனக்குப் படித்துக்காட்ட வருபவர் எனக்குப் பொருந்தவில்லை என்று சொன்னால் நாம் என்ன சொல்வோம்? கிடைப்பதை வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்போம்.

இதே இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் ரமளானில் ஃபஜ்ருக்குப் பாங்கு சொன்னவர்கள். பிலால் (ரலி) இரவிலேயே பாங்கு சொல்வார், இப்னு உம்மி மக்தூம் பாங்கு சொல்லும்வரை உண்ணுங்கள் என்ற கருத்தில் நபிமொழி புகாரியில் உண்டு. வைகறை வந்துவிட்டது என்று மக்கள் சொல்லும்வரை அவர்கள் பாங்கு சொல்வதில்லை என்பதும் அதனோடு சேர்ந்து வருகிறது. மதீனா நகர் முழுவதும் நோன்பு நோற்கும் நேரத்தைக் கண்ணில்லாத ஒருவரின் குரலுக்கு ஒப்படைத்தார்கள். அக்குரலுக்கு வேண்டிய ஒரே உதவி, விடிந்தது என்ற ஒரு சொல். அச்சொல்லைச் சொன்னவர் பாங்கைத் தாமே சொல்லிவிடவில்லை. அவர் பெயரும் பதிவாகவில்லை.

இந்த அளவுகோல்களோடு இன்றைய தொண்டைப் பார்க்கிறோம். ஆள் பற்றாக்குறை உலகில் இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த, தாமே பார்வைக் குறைபாடுடைய ஹான்ஸ் யோர்கன் விபெர்க் என்பவர் தொடங்கிய ‘பி மை ஐஸ்’ என்ற கைபேசிச் செயலி 2015-இல் வெளிவந்தது. பார்வையற்றவர் கைபேசியின் ஒளிப்படக் கருவியைத் திருப்பிக் காட்ட, எங்கோ இருக்கும் தொண்டர் மருந்துப் புட்டியில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வார். அதில் உதவி கேட்போரைவிட உதவப் பதிந்துகொண்டோர் பன்மடங்கு. கேட்டதற்கு மட்டும் விடை, கேட்டவர் வைத்தவுடன் தொடர்பு அறும்; இம்முறையில் நாம் காணும் சிறப்பு இது. ஆனால் ஒரு பாடநூலை முடிப்பதற்கோ, மூன்று மணி நேரத் தேர்வு எழுதுவதற்கோ அது போதாது. அவற்றுக்குப் பயின்ற ஆள் வேண்டும்; அவர்தாம் கிடைப்பதில்லை.

தேர்வு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மைய அரசு 2018 ஆகஸ்டு 29-இல் வெளியிட்ட நெறிமுறை, இவ்வகைத் தேர்வருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரவேண்டும் என்றது. தேர்வர் தாமே ஆள் அழைத்து வந்தால், சொல்வதை எழுதுபவரின் கல்வித்தகுதி தேர்வரின் கல்வித்தகுதிக்கு ஒரு படி கீழே இருக்கவேண்டும் என்றும் வரையறுத்தது. எழுதுபவரே விடை சொல்லிவிடாதிருக்க இக்காவல். காவல் தேவைதான். ஆனால் ஒரு படி கீழே உள்ளவர்க்கு அப்பாடத்தின் சொற்களே புதியவை. முதுகலைத் தமிழ் எழுதும் ஒருவர் யாப்பிலக்கணக் கலைச்சொல்லைச் சொல்ல, எழுதுபவர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்க, கூடுதல் நேரம் அதிலேயே கரைகிறது. சட்டம் தந்த நேரத்தைப் பயிற்சியின்மை எடுத்துக்கொள்கிறது. தேர்வுக்கு முன் நான்கு நாள்களாவது இருவரும் அமர்ந்து பழகினால் இது தீரும். தேர்வன்று காலையில் வாயிலில் சந்தித்து ஸலாம் சொல்லி உள்ளே போவதை நாம் தொண்டென்று கொள்ளவில்லை.

நம்மிடம் அரபு இலக்கணம் பயின்ற பார்வையற்ற மாணவர் ஒருவர், வேறொரு தேர்வு எழுதி வந்து நம்மிடம் சொன்னதை இங்கே குறிக்கலாம். அவர்க்காக எழுதிய இளைஞர் வெளியே வந்ததும் மகிழ்ச்சியோடு, “அண்ணா, நீங்கள் சொன்னதைவிட நன்றாகவே எழுதியிருக்கிறேன்” என்றாராம். மாணவர் நம்மிடம், “ஹஜ்ரத், தேறினால் தேறியது யார்?” என்று கேட்டார். அவ்விளைஞர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார் என்று ஆறுதல் சொல்ல முற்பட்டோம். “அண்ணன் கெய்ரோவில் செய்ததும் நல்ல எண்ணத்தில்தானே?” என்றார். ‘அல்-அய்யாம்’ அவர்க்கு நாமே படித்துக்காட்டிய நூல்.

மதரஸாப் பிள்ளைகளை இதில் ஈடுபடுத்தவேண்டும் என்பது நம் நெடுநாள் வேண்டுகோள். பார்வையற்ற நம் பிள்ளைகளுக்கு நாம் திறந்து வைத்திருக்கும் வாயில் பெரும்பாலும் ஒன்றே: ஹாஃபிஸாக்குவது. அது உயர்ந்த வாயில், ஐயமில்லை. ஆனால் அவ்வாயிலோடு நிறுத்திவிடுகிறோம். தாஹா ஹுஸைனின் ஊரிலும் விழியிழந்த சிறுவனுக்கு விதிக்கப்பட்டிருந்தது அதுவே. மீறி வெளியே வந்தபடியால்தான் அவர் 1950-இல் அந்நாட்டின் கல்வி அமைச்சராக அமரமுடிந்தது. மனனம் முடித்த பிள்ளை ஸர்ஃபும் நஹ்வும் ஓதவேண்டும், அஃப்சலுல் உலமா எழுதவேண்டும் என்று விரும்பினால், அரபியில் சொல்வதை அரபியில் எழுத யார் இருக்கிறார்கள்? பொதுக் கல்லூரித் தொண்டர்களுக்கு அவ்வெழுத்தே தெரியாது. அது மதரஸா மாணவர் ஒருவரால்தான் ஆகும்.

பிரெயில் எழுத்தைப் பற்றி நம் குடும்பங்கள் அறியவேண்டிய ஒன்று உண்டு. ஆறு புள்ளிகளால் 63 குறிகள் அமைகின்றன. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் ஏற்கப்பட்டது; தமிழ்ப் பிரெயிலும் அதன் வழிப்பட்டது. அரபு எழுத்தை நாம் வலமிருந்து இடமாக எழுதுகிறோம். பிரெயிலில் அரபும் தமிழைப் போல இடமிருந்து வலமாகவே செல்கிறது. இன்னும் வியப்பு, அரபியின் காஃபுக்கும் தமிழின் ககரத்துக்கும் புள்ளிகள் ஒன்றே. லாமுக்கும் லகரத்துக்கும் ஒன்றே. மீமுக்கும் மகரத்துக்கும் ஒன்றே. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் என்று வழங்கினர். கண்ணுள்ளோர்க்கு அவர்கள் பாடுபட்டு அமைத்த அவ்வுறவு, விரல் நுனியில் படிக்கும் பிள்ளைக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. பிரெயில் குர்ஆன் பல பெருந்தொகுதிகளாக வெளிவந்திருக்கிறது. தமிழ்ப் பிரெயில் அறிந்த பிள்ளை அதை நோக்கிப் பாதி வழி வந்துவிட்ட பிள்ளையே. கண்ணுள்ள ஆசிரியர் ஒருவர் இப்புள்ளிகளைக் கற்பதற்கு, எங்கள் கணிப்பில், ஒரு ரமளான் விடுமுறை போதும்.

நூல்களை ஒலியாக்குவது மற்றொரு பணி. பிரிட்டனில் 1935 முதலே பேசும் நூல்கள் வழங்கப்பட்டன. அமெரிக்காவில் ஆன் மெக்டொனால்டு என்ற அம்மையார், இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்து கல்லூரி சேர்ந்த வீரர்களுக்காக, 1948-இல் தொண்டர்களைக் கொண்டு பாடநூல்களை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினார். பதிப்புரிமைத் தடையும் பெரும்பாலும் நீங்கிவிட்டது; மொராக்கோவின் மராக்கிஷ் நகரில் 2013-இல் உருவான உடன்படிக்கையை 2014-இல் முதன்முதலாக உறுதிசெய்த நாடு இந்தியா. அது 2016 செப்டம்பர் 30-இல் நடைமுறைக்கு வந்தது. இன்று கைபேசியே தமிழைப் படித்துக்காட்டும். ஆயினும் பழைய அச்சு நூலை இயந்திரம் எழுத்தாக மாற்றும்போது, காலையும் ரகரத்தையும் மாற்றிப் படித்துவிடுகிறது. அரபுச் சொற்கள் நிறைந்த நம் சமய நூல்களில் அது விளைக்கும் கேடு மிகுதி. 5027 பாடல்களையுடைய சீறாப்புராணத்தை இயந்திரக் குரலில் கேட்டுப் பார்த்தவர்க்கு, சீரறிந்து சொல்பிரித்துப் படிக்கும் மனிதக் குரலின் அருமை தெரியும்.

இதற்கு நம் வீடுகளில் ஆளில்லையா? பட்டம் பெற்றுவிட்டு வீட்டோடு இருக்கும் பெண்மக்கள் எத்தனை பேர்! பார்வையற்ற பெண்களுக்குப் பெண்களே படித்துக்காட்ட எந்த மார்க்கத் தடையும் இல்லை. பார்வையற்ற பெண் ஒருத்திக்குத் தேர்வு எழுத ஆண்பிள்ளையே கிடைக்கிறான் என்பதற்காகப் பெற்றோர் படிப்பையே நிறுத்திவிடும் நிலை இருக்குமானால், அதற்கு அக்குடும்பத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாள்தோறும் அரை மணி நேரம், நேரம் தவறாமல், கேட்பவர் தேர்ந்த நூலைப் படித்தால் போதும். கேட்பவர் தேர்ந்த நூல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நமக்குப் பிடித்ததை, அவர்க்கு நல்லதென்று நாம் கருதியதைப் படித்துக்காட்டும் பழக்கம் நம்மவரிடம் வலுத்திருக்கிறது. அவர் செய்தித்தாளில் விளையாட்டுப் பகுதி கேட்பார். நாம் ஹதீஸ் நூலை எடுப்போம்.

மதரஸா மாணவரை எழுத அனுப்பும்போது ஓர் இடையூறு எழும்; அதை அனுபவத்தில் கண்டே சொல்கிறோம். நம் பிள்ளைகள் திருத்துவதற்குப் பழக்கப்பட்டவர்கள். தராவீஹில் இமாம் ஓரெழுத்துத் தவறினால் பின்னால் நின்று லுக்மா எடுத்துக் கொடுக்கிறார்கள். ஹிஃப்ளு வகுப்பில் நண்பன் ஓதப் பிழை பிடிக்கிறார்கள். தேர்வுக் கூடத்தில் அதே பிள்ளை வாய்மூடி இருக்கவேண்டும். தேர்வர் ஃபாஇலுக்கு ஜபர் சொன்னால், அது பேஷாக வேண்டும் என்று தெரிந்திருந்தும், ஜபரே எழுதவேண்டும். சொன்னதை ஒருமுறை திரும்பப் படித்துக் காட்டலாம். படிக்கும்போது குரலில்கூட ஐயம் காட்டலாகாது. இதற்கென்று நம் மேல்வகுப்புப் பிள்ளைகளை வாரத்தில் ஒருநாள் இருவர் இருவராக அமர்த்தி, ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு வேண்டுமென்றே பிழைகளோடு சொல்லச் செய்து, மற்றவரைப் பிழையோடே எழுதச் செய்துவருகிறோம். முதல் மாதத்தில் பத்துப் பேரில் ஒருவர்கூடத் திருத்தாமல் எழுதவில்லை. நன்றாக ஓதும் பிள்ளைகளே மிகுதியாகத் திருத்தினார்கள்.